ராத்திரியே வண்டியை விடச் சொல்லும் முதலியார்பேட்டை பட்டறை

போர்டு கிடையாது. புதுச்சேரி கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் தாண்டிப் பிரியும் ஒரு சந்தில், வேப்பமரத்தை ஒட்டித் தகரம் போட்ட ஷெட். உள்ளே இரண்டு கார் நிற்கலாம், மூன்றாவது வந்தால் மரத்தடிதான். வாசலில் ஒரு பழைய அம்பாசிடர் பானெட் சாத்தி வைத்திருக்கும், அதுதான் அடையாளம். பட்டறைக்காரரை அந்தத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அறுபது தாண்டியவர். கார்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு விடும் பாகம், இருக்கிற பழைய வண்டி மட்டும்தான் எடுப்பார். ஒரு வருடத்தில் இரண்டு முறை அவரிடம் என் வண்டியைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். பழைய பெட்ரோல் வண்டி வைத்துக்கொண்டு விடியற்காலையில் சாவியைத் திருப்பித் திருப்பிக் கை வலிக்கிறவர்கள் கடலூர் பக்கம் இன்னும் பல பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது கான்டெஸா கிளாசிக் 1.8 ஜிஎல்எக்ஸ். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வண்டி தெரியாது. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் என்று ஓடிய காரின் உடம்பை எடுத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்த வண்டி. 1984-ல் வந்தபோது அம்பாசிடரின் 1489 சிசி இஞ்சினையே இதற்கும் போட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பை அது முக்கி முனகித்தான் இழுத்தது. அப்புறம் ஜப்பானின் இசுசு இஞ்சின் வந்தது: 1817 சிசி, 88 குதிரைத்திறன், ஐந்து கியர். அதற்குப் பிறகுதான் இந்த வண்டிக்கு உயிர் வந்தது. 2002-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காக்காரர்கள் மசில் கார் என்று சொல்வது வேறு கணக்கு. 1964 பாண்டியாக் ஜிடிஓவில் 389 கன அங்குல வி8 இஞ்சின், அதாவது கிட்டத்தட்ட 6.4 லிட்டர். கேட்டு வாங்கினால் அதன் தலையில் மூன்று கார்பரேட்டர். நம் ஊரில் நீளமான பானெட், பின்சக்கர இழுவை, உட்கார்ந்தால் சோபா போல ஒரு சீட் என்று வந்த வண்டி கான்டெஸா, அதனால் இதையே நம்மாட்கள் மசில் கார் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அந்தப் பெயரில் முழுச் சம்மதம். குளிர்ந்த இஞ்சினை எழுப்புகிற வித்தை அந்த ஜிடிஓவுக்கும் இதற்கும் ஒன்றுதான். பெட்ரோலை அளந்து விட கம்ப்யூட்டர் கிடையாது. கார்பரேட்டரின் காற்று வழியை அடைக்கும் சோக், ஆக்சிலேட்டர், ஓட்டுகிறவன் காது, அவ்வளவுதான்.

வண்டியை 2021-ல் சேலத்தில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினேன். அங்கே அவர் வீட்டில் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. என் வீடு மஞ்சக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் நடுவில். மாடியில் நின்றால் கடல் காற்று முகத்தில் உப்பாக ஒட்டும். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கார்த்திகையிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு செல்ஃப் அடித்தால் இஞ்சின் சுற்றும், பெட்ரோல் வாசனை வரும், இரண்டு சிலிண்டர் மட்டும் பிடித்து வண்டி உடம்பே ஆடும், அப்புறம் அணைந்துவிடும். அதே வண்டி ஒன்பது மணிக்கு, வெயில் ஷெட்டுக்குள் வந்த பிறகு, ஒரே திருப்பில் எழும்பும். தை பிறந்தால் சரியாகிவிடும். மறுபடி கார்த்திகை வந்தால் மறுபடி தொல்லை.

அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டிய ஒரு காலையில் இது நடந்தது. விடியுமுன் கிளம்பினால்தான் ஓபி வரிசையில் முன்னால் நிற்க முடியும். அம்மா புடவை கட்டி, ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்தேன். கடைசியில் பக்கத்துத் தெருப் பையனை எழுப்பி அவன் காரில் போனோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை.

அதற்கு முன்னால் மூன்று இடத்தில் காட்டியிருந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றுதான். நான் பத்து மணிக்கோ பதினோரு மணிக்கோ ஓட்டிக்கொண்டு போவேன். சூடாக இருக்கும் இஞ்சினின் பானெட்டைத் திறந்து, கார்பரேட்டரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, ஒருவர் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை வெளியே திருகுவார், அடுத்தவர் உள்ளே திருகுவார். ஒருவர் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘ஓவர்ஹால்’ செய்தார், மறுநாள் விடியலில் அதே கதை. மூன்றாமவர் கார்பரேட்டரையே தூக்கி எறிந்துவிட்டு வேறு வண்டியின் கார்பரேட்டரை அடாப்டர் தகடு வைத்து மாட்டிவிடலாம் என்றார். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பாயிடம் போனில் விவரம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மழை நாள்லயா, பனி நாள்லயா தம்பி?” இரண்டிலும் என்றேன். “அப்ப ராத்திரியே கொண்டாந்து விட்டுடுங்க. காலைல மொத ஸ்டார்ட்டு நான்தான் போடணும். நீங்க ஓட்டிக்கிட்டு வந்து நிறுத்துன வண்டில எனக்கு என்ன தெரியும்?”

கேட்டால் சின்ன விஷயம். ஆனால் இந்தப் பட்டறையைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கே இந்த ஒரு நிபந்தனைதான் காரணம். குளிரில் வருகிற நோயைக் குளிரிலேயே பார்க்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் இவர். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓடி வந்த இஞ்சினில் பனிநேரத்துக் கோளாறு எதுவும் மிச்சம் இருக்காது. சரி என்று 2025 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், இரவு எட்டு மணிக்கு வண்டியை விட்டேன். ஷெட்டுக்குள் இடம் இருந்தும் வேண்டும் என்றே வெளியே வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், திறந்த வானத்தின் கீழே நிறுத்தச் சொன்னார். பனி நன்றாக இறங்கட்டுமாம். நான் பஸ் பிடித்து ஊர் திரும்பி, மறுநாள் விடியுமுன் முதல் பஸ்ஸில் மறுபடி போய் இறங்கினேன்.

பாய் ஃபஜர் தொழுகை முடித்து நேராகப் பட்டறைக்கு வந்திருந்தார். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. பானெட் முழுக்கப் பனி முத்து முத்தாக நின்றது. அவரிடம் வேலை பழகும் பையனை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து, ஷெட் விளக்கையும் தெருவைப் பார்த்த குண்டு பல்பையும் அணைத்தார். கும்மிருட்டு. “அடிடா” என்றார்.

செல்ஃப் சுற்றியது. இஞ்சின் மேல் நீலமாக, ஊசி போல, நாலைந்து இடத்தில் மினுக் மினுக்கென்று ஓடியது. பிளக் ஒயர்களின் மேல், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் கழுத்தில், ஒரு ஒயர் தகட்டில் சாய்ந்து கிடந்த இடத்தில். பிளக்குக்குள் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டால் டிக் டிக் என்ற சத்தமும் வந்தது.

நான் தொழிலில் மோட்டார் காயில் கட்டுகிறவன். திருப்பாதிரிப்புலியூரில் இருபது வருடமாகக் கடை. மழைக்காலத்தில் நனைந்த பம்ப் மோட்டார் வந்தால் மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் பார்ப்பதுதான் என் முதல் வேலை. வண்டியின் பிளக் ஒயரை நானே மல்ட்டிமீட்டர் வைத்து அளந்திருக்கிறேன், நாலும் சரியாகக் காட்டின. மல்ட்டிமீட்டர் 9 வோல்ட் பேட்டரியில் ஒயரின் உள்ளே இருக்கும் தடையைத்தான் சொல்லும். மேல் உறை பதினைந்தாயிரம் இருபதாயிரம் வோல்ட்டைத் தாங்குமா என்பதை அது எப்படிச் சொல்லும்? பழைய ரப்பர் உறையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, அதன் மேல் கடல் உப்பு, அதன் மேல் பனி ஈரம். உப்பு நனைந்தால் கரண்டுக்கு அது ஒரு ரோடு. வெயில் வந்து காய்ந்ததும் ரோடு மூடிக்கொள்கிறது, ஒன்பது மணிக்கு வண்டி எழும்புகிறது. சேலத்தில் இந்தக் கோளாறு தலைகாட்டாததற்கும் அதுதான் காரணம்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட் சரியும். என் வண்டியில் 12.5 இருந்தது 9.4-க்கு இறங்கியதை பாய் மீட்டரில் காட்டினார். இக்னிஷன் காயிலுக்குப் போகிற வோல்ட் குறைந்தால் தீப்பொறியும் மெலிந்துதான் வரும். இருக்கிற பொறியே சோகை, அதிலும் பாதி வழியில் ஒழுகிப்போனால் ஈரப் பெட்ரோலை எப்படிப் பற்றவைக்கும்? அந்த 9.4-க்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளையிலும் மறுமுனையை இஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். 0.7 வோல்ட் காட்டியது. 0.2-க்கு மேல் போகக் கூடாது என்றார். எர்த் பட்டையைக் கழற்றினால் அடியில் பச்சையாகக் களிம்பு. உப்புக் காற்றுக்காரர்கள் எல்லாரும் முதலில் இதைக் கழற்றித் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். காசு செலவில்லாத வேலை.

இதையெல்லாம் முடிக்கும்வரை அவர் கார்பரேட்டரைத் தொடவே இல்லை. மூன்று பேர் ஸ்க்ரூடிரைவரோடு நேராக அங்கேதான் போனார்கள். “கார்பரேட்டர் கோளாறுன்னு வர்ற வண்டில முக்காவாசி கரண்ட் கோளாறு தம்பி” என்றார். புது ஒயர் செட், டிஸ்டிரிபியூட்டர் மூடி, ரோட்டர், நாலு பிளக் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அதனால் வண்டி அங்கே ஆறு நாள் தங்கியது. பொங்கலுக்கு வண்டி இல்லை.

கார்பரேட்டரிலும் கோளாறு இல்லாமல் இல்லை. என் வண்டியில் இருப்பது கையால் இழுக்கும் சோக். டேஷ்போர்டில் குமிழைக் கடைசிவரை இழுத்தாலும் கார்பரேட்டர் வாயில் இருக்கும் மூடி முக்கால் பங்குதான் சாத்தியது, கேபிள் தளர்ந்திருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஒருவர் குமிழை இழுக்க, இன்னொருவர் பார்த்தால் இது தெரிந்துவிடும். குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் ஆவியாவது குறைவு, கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் பட்டுத் துளியாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குள் பற்றுகிற அளவு ஆவி சேர வேண்டுமானால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலை விட வேண்டும். சோக் மூடி காற்று வழியை அடைத்தால் இஞ்சினின் உறிஞ்சல் முழுக்கப் பெட்ரோல் துவாரத்தின் மேல் விழும். கால் பங்கு திறந்திருந்தாலும் அந்த உறிஞ்சல் வீணாகிவிடும். நம் ஊர் மார்கழி விடியல் 20, 21 டிகிரிதான், அதற்கே இத்தனை வித்தியாசம்.

அடுத்தது ஆக்சிலேட்டர் பம்ப். காற்று வடிகட்டி இல்லாமல் மேலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால் தொண்டைக்குள் பெட்ரோல் ஊசியாகப் பீச்ச வேண்டும். என்னுடையதில் எச்சில் வடிகிற மாதிரி சொட்டியது. பிரித்தபோது உள்ளே இருந்த ரப்பர் விறைத்து வெளிறிக் கிடந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலின் வேலை என்றார் பாய். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோலைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. எத்தனாலுக்கு ஆவியாக வேண்டிய வெப்பம் பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு, அதனால் குளிரில் எழும்புவது இன்னும் சுணங்கும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கலவைக் கணக்கும் மாறுகிறது. வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு சுமார் 13.5 போதும். அந்தக் காலப் பெட்ரோலுக்கு அளவெடுத்துத் துளையிட்ட ஜெட், அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்ன மூக்கு, இப்போது குறைவாக ஊற்றுகிறது என்று அர்த்தம். புதுக் கார்களில் கம்ப்யூட்டர் இதைத் தானே சரி செய்துகொள்ளும். நம் வண்டிக்கு யார் செய்வது? பாய் பம்ப் ரப்பர், ஊசி, கேஸ்கெட் எல்லாம் மாற்றி, பழைய பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றினார். அப்புறம் இசிஆரில் காலாப்பட்டு வரை நாலாவது ஐந்தாவது கியரில் விரட்டி, அங்கேயே ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை சுண்ணாம்பு வெள்ளை. மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக மாற்றி, மறுநாள் அதே ஓட்டம். இந்த முறை காப்பித்தூள் நிறம். அதைப் பார்த்து அவர் முகத்தில் வந்த திருப்தி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

டியூனிங் நடந்த நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு முழு நாளும் நான் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், பாய் என்னை விரட்டவில்லை. முதலில் ஆறிய இஞ்சினில் டாப்பட், அதாவது வால்வுகளின் இடைவெளி. அதன் பிறகு நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று. அப்புறம் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் வேக்வம் குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டை அடித்து, புல்லியின் குறியைப் பார்த்தார். எண்ணெய் படிந்த ஒரு ஜெராக்ஸ் கட்டு வைத்திருக்கிறார், ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி சொன்ன அளவு அதில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எதையும் வைப்பதில்லை. இத்தனை வருட அனுபவம் இருந்தும் புத்தகத்தைப் புரட்டுகிறாரே என்று எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது.

இது முடிந்த பிறகே மிக்சர் ஸ்க்ரூ. மேனிஃபோல்டில் ஒரு குழாய் செருகி இஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வேக்வம் மீட்டரைத் தொங்கவிட்டார். முள் 14 அங்குலத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. நல்ல இஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது, 17-க்கும் 21-க்கும் நடுவில் ஆடாமல் நிற்கும். கார்பரேட்டர் கிளீனரை கார்பரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றிச் சிறிது சிறிதாகப் பீச்சிக்கொண்டே வந்தார். பின்பக்கம் ஒரு இடத்தில் பீச்சியதும் இஞ்சின் சத்தம் மாறியது. அடி கேஸ்கெட்டில் காற்று கசிகிறது. அதை மாற்றியதும் முள் தானாக 17-க்கு ஏறியது. முன்னால் பார்த்தவர்கள் இந்தக் கசிவைச் சமாளிக்கத்தான் ஸ்க்ரூவை ஏகத்துக்கு வெளியே திருகி வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ ஐந்து சுற்றுக்கு மேல் வெளியே இருந்தது. பாய் அதை இரண்டு விரலால் மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருகினார். அழுத்தித் திருகினால் ஊசி முனை தேய்ந்துவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கால் கால் சுற்றாக நகர்த்தி, முள் எங்கே உச்சிக்குப் போகிறதோ அங்கே நிறுத்தினார். அப்புறம் ஐடில் ஸ்க்ரூவில் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு இறக்கினார். முள் பதினெட்டரையில் அசையாமல் நின்றது. பையனைக் கூப்பிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வால்வ் மூடியின் மேல் வைக்கச் சொன்னார். தண்ணீர் மேல் மெல்லிய வளையங்கள் மட்டும் ஓடின, ஒரு சொட்டு சிந்தவில்லை.

வண்டியை ஒப்படைக்கும்போது எழுப்பும் முறையையும் கற்றுக்கொடுத்தார். நான் இத்தனை நாள் செய்தது எல்லாம் தப்பு. சாவியைத் திருப்பிக்கொண்டே ஆக்சிலேட்டரைக் குத்துவேன். அதனால் சோக் மூடி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று இஞ்சின் பெட்ரோலில் முழுகிவிடும். அவர் சொன்னது: நாலைந்து நாள் நின்ற வண்டி என்றால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். இஞ்சின் சுற்றினால்தான் பம்ப் ஏற்றும். ஆகவே முதலில் ஐந்தாறு விநாடி சும்மா சுற்ற விட்டு, அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அப்புறம் ஆக்சிலேட்டரை இரண்டு முறை மெதுவாக முழுக்க அழுத்தி விட வேண்டும். சோக்கைக் கடைசிவரை இழுத்து, காலை எடுத்துவிட்டு, சாவி. பிடித்ததும் ரேஸ் பண்ணக் கூடாது. அரை நிமிடத்தில் சோக்கைப் பாதி உள்ளே தள்ளி, ஒரு நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பிவிடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சோக் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். சோக்கை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை அடிக்கும். என்னுடையதில் அடித்தது. ஆயிலையும் மாற்றினோம். ஒருவேளை முழுகிவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும், காற்று போய் ஈரத்தைக் கொண்டுபோய்விடும். செல்ஃபை ஒரேயடியாகப் பத்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, வீட்டில், பனியில் நனைந்த வண்டி இரண்டாவது சுற்றில் பிடித்தது. அம்மா உள்ளேயிருந்து, “யாரு வண்டிடா?” என்று கேட்டார்.

இனி குறைகள். வேலை முதல் முறையே முழுமையாகவில்லை. மே மாதம் கத்திரி வெயிலில் வேறொரு தொல்லை முளைத்தது. ஓட்டிவந்து நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் எழும்பவில்லை. சூடான இஞ்சினின் மேல் கார்பரேட்டர் வெந்து, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிகிறது. ஜெட்டைப் பெரிதாக்கியதாலோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பாயிடம் சொன்னதும் மறுக்கவோ மழுப்பவோ இல்லை. “ஜெட்டு இல்ல, ஆனா ஹோஸ நான் போட்ட வழி தப்பு” என்றார். புது ஹோஸை அவர் சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் விட்டிருந்தார். வேறு வழியாக இழுத்து, கார்பரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த பேக்கலைட் அட்டை ஒன்று வைத்தார். கிண்ணத்துப் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டையும் ஒரு பொட்டு இறக்கினார். அந்த அட்டைக்கு மட்டும் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை. ஆனாலும் ஜனவரியிலேயே இதை யோசித்திருக்கலாம் என்பது என் குறை. நம் ஊரில் பனி இரண்டு மாதம், வெயில் எட்டு மாதம்.

நாள் சொன்னால் அந்த நாளில் தரமாட்டார். மூன்று நாள் என்றால் ஆறு நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை கிடையாது. அச்சடித்த பில் கிடையாது, ஒரு நோட்டுத் தாளில் எழுதித் தருவார். ஆனால் கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் சிமென்ட் பையில் கட்டி டிக்கியில் வைத்துவிடுவார். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்கிற பேச்சுக்கு இடமில்லை. தொழிலாளியை மதிக்கத் தெரியாமல் அவசரப்படுத்துகிறவர்களை முகத்துக்கு நேராகத் திருப்பி அனுப்புவதையும் பார்த்தேன். ஏசி, பெயின்ட், டிங்கரிங் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும் எம்பிஎஃப்ஐ வண்டி கொண்டுபோனால் வேறு பட்டறைக்கு வழி சொல்லிவிடுவார்.

செலவு: ஜனவரியில் கூலி 6,500. ஒயர், மூடி, பிளக், கார்பரேட்டர் கிட், ஹோஸ், ஆயில் எல்லாம் சேர்ந்து 7,800. மே மாதம் 350. முன்பு லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது இப்போது ஒன்பதரை கொடுக்கிறது. புதுச்சேரியில் பெட்ரோல் நம் பக்கத்தைவிட மலிவு என்பதால் போகும்போதெல்லாம் டாங்கை நிரப்பிக்கொண்டும் வரலாம். பாய் மட்டும், “நிறைய நாள் ஓட்டாம வைக்கிற வண்டிக்கு நிரப்பாதீங்க, பழசான பெட்ரோல் எழுப்பாது” என்று சொல்லியிருக்கிறார். அதனால் நான் அரை டாங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. கோளாறு எந்த நேரத்தில் வருகிறது, மழையிலா வெயிலிலா, நின்று எத்தனை மணி நேரம் ஆனபின் என்று ஒரு வாரம் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார். போகும் முன் நீங்களாக எந்த ஸ்க்ரூவையும் திருகாதீர்கள். கூட ஒருவரை இருசக்கர வண்டியில் வரச் சொன்னால் இரவு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். போன் நம்பர் இங்கே போடவில்லை, அவர் வேண்டாம் என்றார். நேரில் போனால் பேசுவார்.

இந்த டிசம்பர் மழை முழுக்க வண்டி ஒரு நாள்கூடத் தகராறு செய்யவில்லை. டாப்பட் பார்க்கத் தை கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். “மொத நாள் ராத்திரி” என்றார்.